கிச்சனர் பட்டாளம்: 1914ல மில் பசங்களும் ஆபீஸ் பசங்களும் சிப்பாய் ஆனது எப்படி? அடிக்கடி கேக்குற கேள்விகள்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல்ல மொத பாடமே முதல் உலகப்போர். நான் பல வருஷமா சாயங்காலம் டியூஷன் எடுக்குறேன், ஒவ்வொரு வருஷமும் இந்தப் பாடம் நடத்துறப்போ வர்ற சந்தேகம் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருக்கு. யார் யார் கூட்டணி, எந்த வருஷம் என்ன ஒப்பந்தம்ங்கறது புக்லயே இருக்கு, அதை யாரும் கேக்குறதில்ல. "அந்த சிப்பாய்ங்க எல்லாம் யாரு சார், அதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்துட்டு இருந்தாங்க?"ன்னுதான் கேக்குறாங்க. பதினஞ்சு வயசுல அதுதான தோணும். அப்புறம் பசங்களைக் கூட்டிட்டுப் போக வர்ற அம்மாங்க கேட்டது, எங்க தெருவுல இருக்குற ரிட்டயர்டு சுபேதார் ஐயா கேட்டதுன்னு இன்னும் கொஞ்சம் சேர்ந்துடுச்சு. எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

இதுல பேசுறது பிரிட்டனைப் பத்தி. மத்த பெரிய ஐரோப்பிய நாடுகள்ல எல்லாம் பையனுக்கு வயசு வந்தா பட்டாளத்துக்குப் போயே ஆகணும்னு சட்டம் இருந்துச்சு, பிரிட்டன்ல மட்டும் இல்ல. அதனால சாதாரணப் பையன் ஒருத்தனை எப்படிப் பேசி, ஆசை காட்டி, வெக்கப்படுத்தி உள்ள கொண்டு வந்தாங்கங்கறது அங்கதான் தெளிவா தெரியும்.

கிச்சனர்ங்கறது யாரு சார், போஸ்டர்ல விரலை நீட்டிட்டு இருக்குற மீசைக்காரரா?

அவரேதான். அந்தப் படத்தை ஆல்ஃப்ரெட் லீட்ங்கற ஓவியர் 1914 செப்டம்பர்ல ஒரு பத்திரிகை அட்டைக்காக வரைஞ்சார், அப்புறம்தான் அது போஸ்டர் ஆச்சு. கிச்சனர் பெரிய தளபதி, 1902ல இருந்து 1909 வரைக்கும் இந்தியப் படைக்கே தலைமைத் தளபதியா இருந்தவர். 1914 ஆகஸ்ட் 4 போர் அறிவிச்சாங்க, மறுநாளே இவரைப் போர்த்துறை அமைச்சர் ஆக்கிட்டாங்க. கிறிஸ்துமஸுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்னு ஊரே பேசிட்டு இருந்தப்போ, இல்ல இது மூணு வருஷம் இழுக்கும், லட்சக்கணக்குல ஆள் வேணும்னு சொன்னவர் இவர். அந்தக் கணக்கு தப்பல. அவர் கூப்பிட்டு சேர்ந்த புதுப் படைக்குத்தான் கிச்சனர் பட்டாளம்னு பேர்.

நம்ம பக்கத்து சங்கதி ஒண்ணும் இதுல இருக்கு. சில சாதி, சில இனம் மட்டும்தான் சண்டைக்குப் பொறந்ததுன்னு அப்ப வெள்ளைக்கார ராணுவத்துல ஒரு நம்பிக்கை, அந்தக் கணக்குல மதராஸ்காரன் லாயக்கில்லாதவன். கிச்சனர் இங்க இருந்த காலத்துலதான் பழைய மதராஸ் பட்டாளங்கள் பலதைக் கலைச்சு பஞ்சாபி ஆளுங்களைப் போட்டாங்க. அதே மனுஷன் 1914ல தன் ஊர்ல குமாஸ்தா, தறிக்காரன், கடைப்பையன்னு வந்தவனை எல்லாம் சேத்துக்க வேண்டி வந்துச்சு. பொறப்புலயே சிப்பாய்னு ஒருத்தன் கிடையாதுங்கறதுக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கல.

அவங்ககிட்டதான் ஏற்கனவே ராணுவம் இருந்துச்சே, புதுசா எதுக்கு ஆளு?

இருந்துச்சு, ஆனா சின்னது. முழுநேர சிப்பாய் சுமார் 2.5 லட்சம், அதுல பாதி இந்தியா மாதிரி வெளிநாட்டுல காவல் இருந்தது. பிரான்சுக்கு மொதல்ல அனுப்ப முடிஞ்சது 1 லட்சம் பக்கம்தான். எதிர்ல ஜெர்மனிகாரன் லட்சக்கணக்குல நிக்கிறான். அந்தப் பழைய பட்டாளம் நல்லா தேறினதுதான், ஆனா 1914 முடியறதுக்குள்ள அதுல பெரும்பகுதி செத்தோ காயம்பட்டோ போயிடுச்சு.

ஆள் எடுப்பு எப்படி நடந்துச்சு? கட்டாயமா?

1916 வரைக்கும் கட்டாயம் இல்ல. ஆகஸ்ட் 7ஆம் தேதி மொத அறிவிப்பு வந்துச்சு, 1 லட்சம் பேர் வேணும், வயசு 19ல இருந்து 30, மூணு வருஷம் இல்லாட்டி போர் முடியற வரைக்கும். மொத ரெண்டு வாரம் கூட்டம் சுமாராத்தான் வந்துச்சு. ஆகஸ்ட் கடைசில பிரிட்டிஷ் படை பின்வாங்குதுன்னு பேப்பர்ல வந்த பிறகுதான் ஜனம் திபுதிபுன்னு கிளம்புச்சு. செப்டம்பர் 3 ஒரே நாள்ல 33,204 பேர். அந்த மாசம் மட்டும் 4,62,901 பேர். 1915 முடியறப்போ கிட்டத்தட்ட 25 லட்சம்.

பசங்களுக்கு மனசுல நிக்கட்டும்னு நான் இதையும் சேத்து சொல்வேன்: செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் நம்ம மெட்ராஸ் துறைமுகத்துல குண்டு போட்டு எண்ணெய் டேங்க் எரிஞ்சுதே, அதே வாரம்தான் லங்காஷயர்ல அக்ரிங்டன்ங்கற ஒரு மில் ஊர்ல பசங்க வரிசைல நின்னு பேர் குடுத்துட்டு இருந்தாங்க. இந்த அக்ரிங்டன் பேரை மறந்துடாதீங்க, கீழ திரும்பத் திரும்ப வரும்.

ஏன் சார் இவ்ளோ பேர் போனாங்க? எல்லாருக்கும் அவ்ளோ தேசபக்தியா?

தேசபக்தி இருந்துச்சு, அதைக் கொறைச்சு சொல்ல மாட்டேன். குட்டி நாடான பெல்ஜியத்துக்குள்ள ஜெர்மன் படை புகுந்து ஊரை எரிச்சதைப் பேப்பர்ல படிச்சு உண்மையாவே கொதிச்சவங்க நிறைய பேர். ஆனா ஒரே காரணத்துக்காக ஒருத்தன் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டான். போர் ஆரம்பிச்சதும் வியாபாரம் படுத்துடுச்சு, பஞ்சு மில் ஓடல, அக்ரிங்டன்ல பெரிய மெஷின் ஃபேக்டரில ஏற்கனவே சண்டை வந்து கதவைச் சாத்தி வெச்சிருந்தாங்க. வயித்துப்பாடுன்னு ஒண்ணு இருக்குல்ல. பட்டாளத்துல நாளுக்கு 1 ஷில்லிங் கூலி, அது பெரிய பணம் இல்ல, பண்ணைக் கூலிக்காரனே வாரம் 14, 15 ஷில்லிங் வாங்குவான். ஆனா சோறு, துணி, தங்க இடம் இலவசம், கல்யாணம் ஆனவன்னா பொண்டாட்டிக்கு வாரம் 12 ஷில்லிங் 6 பென்ஸ் தனியா போகும். மூணு வேளையும் கறி ரொட்டின்னு சாப்பிட்டதே பட்டாளத்துலதான்னு இருந்த பசங்க கொஞ்சமில்ல.

அப்புறம் சலிப்பு. பதிமூணு வயசுல மில்லுக்குள்ள போனவன், அறுபது வயசு வரைக்கும் அதே தறி அதே சத்தம்னு தெரிஞ்சவன், கடலையே பாக்காதவன், அவனுக்கு பிரான்ஸ்னு சொன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இது எல்லாத்தையும்விட பலமானது நம்ம ஊர்ல சொல்ற "நாலு பேர் என்ன சொல்வாங்க". ஃபோக்ஸ்டன் ஊர்ல ஃபிட்ஸ்ஜெரால்டுங்கற ஓய்வு பெற்ற கடற்படை அட்மிரல் 30 பெண்களைச் சேத்து, பட்டாளத்துல சேராத வாலிபனைத் தெருவுல பாத்தா வெள்ளை இறகு குடுங்கன்னு கிளப்பிவிட்டார். வெள்ளை இறகுன்னா அங்க கோழைன்னு அர்த்தம். அது நாடு பூரா பரவிடுச்சு. காயம்பட்டு வீட்டுக்கு வந்து பட்டாளச் சட்டை இல்லாம சாதாரண உடுப்புல நடந்தவன்கிட்டகூட நீட்டிட்டாங்க, அதனாலயே 1916ல, உடம்பு முடியாம வெளிய வந்தவங்களுக்கு சட்டைல குத்திக்க ஒரு வெள்ளி பேட்ஜ் குடுக்க வேண்டி வந்துச்சு. ஒரு பையனைச் சாகப் போகச் சொல்லி நடுத்தெருவுல வெக்கப்படுத்துறது என்ன நியாயம்னு எனக்கு இன்னிக்கும் ஆறல.

ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஒரே செட்டா சேரலாமாமே, உண்மையா?

உண்மை. ஆளை இழுத்ததுல இந்த யோசனைதான் ரொம்ப பலிச்சது. லிவர்பூல்ல டெர்பி பிரபு ஆகஸ்ட் கடைசில ஒரு கூட்டம் போட்டு, ஒரே ஆபீஸ்ல வேலை செய்யுற சிநேகிதங்க எல்லாம் ஒரே பட்டாளத்துல தோளோட தோளா நிக்கலாம்னு சொன்னார். சில நாள்லயே ஆயிரக்கணக்குல வந்துட்டாங்க. அதைப் பாத்து ஊருக்கு ஊர் தனிப் பட்டாளம் கிளப்பினாங்க, லீட்ஸ், ஷெஃபீல்டு, மான்செஸ்டர்னு. சிநேகிதர் பட்டாளம்னே அதுக்குப் பேர் வந்துடுச்சு. எடின்பரோல ஹார்ட்ஸ் ஃபுட்பால் டீம் லீக்ல முன்னால நின்ன சீசன்லயே பிளேயர்ஸ் கும்பலா போய் சேர்ந்தாங்க, பின்னாலயே ரசிகர்களும் போனாங்க.

அக்ரிங்டன் சின்ன ஊர், மேயரே முன்ன நின்னு ஆள் சேத்தார். செப்டம்பர் 14 ஆரம்பிச்சு பத்து நாள்ல ஆயிரம் பேருக்கு மேல நிரம்பிடுச்சு, பக்கத்து ஊர் சோர்லி, பர்ன்லி பசங்களும் சேத்துதான். அண்ணன் தம்பி, மாமன் மச்சான், ஒரே சர்ச்சு, ஒரே மில். நம்ம ஊர்ல ஒரு தெருப் பசங்க சேந்து சபரிமலைக்கு மாலை போடுவாங்களே, ஒருத்தன் போட்டா அடுத்தவன் வீட்டுல இருக்க மாட்டான், அந்த மாதிரி.

ஹைட்டு கம்மியா இருந்தா எடுக்க மாட்டாங்களா? மெடிக்கல் ஸ்டிரிக்டா?

ஹைட்டை ஒரு குழாய் மாதிரி திறந்து மூடினாங்க. ஆரம்பத்துல 5 அடி 3 அங்குலம். செப்டம்பர்ல கூட்டம் தாங்காம 5 அடி 6 அங்குலம்னு ஏத்தினாங்க. கூட்டம் வடிஞ்சதும் திரும்ப 5 அடி 3க்கே வந்துட்டாங்க. அதுக்கும் கீழ இருந்த சுரங்கத் தொழிலாளிங்க "எங்களை ஏன் விட்டீங்க"ன்னு கோவப்பட்டாங்கன்னு பிர்க்கன்ஹெட்ல 5 அடிக்கு மேல இருக்குற குள்ளமான ஆளுங்களுக்கே தனிப் பட்டாளம் உருவாக்கினாங்க.

மெடிக்கல் பேருக்குத்தான். டாக்டருக்கு தலைக்கு இவ்வளவுன்னு காசு, வெளிய கூட்டம் நிக்குது, எவ்வளவு நேரம் பாப்பார்? பின்னால 1917, 18ல ஒழுங்கா பரிசோதனை பண்ணப்போதான் உண்மை வெளிய வந்துச்சு, ஒன்பது பேரைப் பாத்தா மூணு பேர்தான் முழு ஃபிட். மில்லுலயும் சுரங்கத்துலயும் சின்ன வயசுல இருந்து உழைச்ச உடம்பு அப்படித்தான் இருந்துச்சு.

எங்க வயசுப் பசங்களும் போனாங்களா சார்?

போனாங்க. சேர 18, வெளிநாடு அனுப்ப 19னு விதி. ஆனா வயசுக்கு சர்டிஃபிகேட் யாரும் கேக்கல, வாயால சொன்னா போதும். வயசு பத்தாம சேர்ந்தவங்க 2.5 லட்சம் இருக்கலாம்னு ஒரு மதிப்பீடு. சிட்னி லூயிஸ்ங்கற பையன் 1915 ஆகஸ்ட்ல சேர்றப்போ அவனுக்கு 12 வயசு. 1916ல பிரான்ஸ்ல நடந்த சோம் சண்டைல நின்னான், அப்ப 13. அவங்க அம்மா பிறப்புச் சான்றிதழை அனுப்பி வெச்ச பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினாங்க.

லீட்ஸ்ல ஹொரேஸ் ஐல்ஸ்னு ஒருத்தன், 14 வயசுல சேர்ந்தான், ஆள் வளத்தியா இருந்ததால யாரும் சந்தேகப்படல. 1916 ஜூலைல அவன் அக்கா ஃபுளோரி அவனுக்கு ஒரு லெட்டர் போட்டாங்க. 19க்குக் கீழ இருக்குறவங்களை எல்லாம் திருப்பி அனுப்புறாங்களாம், உனக்குப் பதினாறுதான்னு அவங்ககிட்ட சொல்லிடு ஹொரேஸ், நீ பாத்தது போதும், எப்படியாவது வந்துடுன்னு கெஞ்சி எழுதியிருந்தாங்க. அந்தக் கவர் பிரிக்காமலே திரும்பி வந்துச்சு, போர்ல இறந்துட்டார்னு மேல எழுதி. அக்கா எழுதுன அன்னிக்கு அவன் செத்து ஒரு வாரம் ஆகியிருந்துச்சு. இதை நான் கிளாஸ்ல சொல்றப்போ எந்த வருஷமும் யாரும் பேசினதில்ல.

சின்னப் பிள்ளைய எப்படிங்க பெத்தவங்க விட்டாங்க? (ஒரு பையனோட அம்மா கேட்டது)

பல வீட்டுல தெரியாதும்மா. பக்கத்து ஊருக்குப் போய் வேற பேர்ல சேர்ந்த பையனும் உண்டு. தெரிஞ்ச வீட்டுலயும், பையன் பிடிவாதம், ஊர் பேச்சு, ஒரு வாய் சோறு மிச்சம், எப்படியும் அவன் போறதுக்குள்ள போர் முடிஞ்சிடும்ங்கற நம்பிக்கைன்னு எல்லாம் கலந்து கிடந்துச்சு. சான்றிதழோட எழுதிக் கேட்டா திருப்பி வாங்க வழி இருந்துச்சு, மேல சொன்ன சிட்னியோட அம்மா பண்ண மாதிரி. அது தெரிஞ்ச ஏழை வீடு கம்மி.

சேர்ந்த அன்னிக்கே துப்பாக்கி குடுத்துடுவாங்களா?

துப்பாக்கியா, சட்டையே இல்ல. ஆளைக் கூப்பிட்ட வேகத்துல காக்கி நெய்ய முடியல, அதனால தபால் துறை கிடங்குல இருந்த நீல சர்ஜ் கம்பளித் துணில தைச்சுக் குடுத்தாங்க. தெருவுல போனா ஜெயில் உடுப்பான்னு கேப்பாங்கன்னு பசங்க கூனிக்குறுகிப் போனாங்க. பலர் வீட்டுல இருந்து போட்டு வந்த கோட்டு, தொப்பி, செருப்போட மாசக்கணக்குல டிரில் பண்ணாங்க. துப்பாக்கிக்குப் பதிலா கட்டைல செதுக்குனது, அதுவும் இல்லாத இடத்துல துடைப்பக்கட்டை. பீரங்கிப் படைல சேர்ந்தவன் வண்டிச் சக்கரத்து மேல மரக்கட்டையை வெச்சு அதைப் பீரங்கின்னு நெனச்சுப் பழகினான். 1915ல பாதி தாண்டின பிறகுதான் பலருக்கு நிஜத் துப்பாக்கி கைக்கு வந்துச்சு.

தங்குறதுக்கும் அதே கதை. வட்டக் கூடாரத்துல நடுக்கம்பத்துப் பக்கம் காலை நீட்டிட்டு ஒரு டஜன் பேர் படுக்கணும். அந்த வருஷம் மழை பேய் மழை. கடற்கரை ஓரம் ஷோரம் கேம்ப்ல சேறு முட்டி வரைக்கும் ஏறி, கடைசில பசங்களை பிரைட்டன் ஊர் வீடுகள்ல தங்க வெச்சாங்க. அக்ரிங்டன் பசங்க அந்த வகைல கொடுத்து வெச்சவங்க, 1915 பிப்ரவரி வரைக்கும் சொந்த ஊர்லயே பகல்ல டிரில், ராத்திரி அம்மா வீட்டுச் சாப்பாடு. சோத்துக்கும் கூரைக்கும் ஏற்பாடு பண்ணாம ஆளைக் கூப்பிட்டது தப்புன்னுதான் நான் நினைக்கிறேன், போர் அவசரம்னு எவ்வளவு சொன்னாலும்.

அப்ப டிரெய்னிங்ல என்னதான் பண்ணாங்க?

நடந்தாங்க. உண்மையாவே, பாதி டிரெய்னிங் நடைதான். விடியக்காலை அஞ்சரைக்கு ஊதுவாங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி உடற்பயிற்சி, அப்புறம் மணிக்கணக்குல டிரில், இடது வலது திரும்பு நில்லு. அது எதுக்குன்னு பசங்க கேப்பாங்க. பக்கத்துல குண்டு விழுறப்போ யோசிக்காம கை கால் ஆர்டருக்கு அசையணும், அதுக்குத்தான். மூளை உறைஞ்சாலும் உடம்பு வேலை செய்யணும்.

அப்புறம் ரூட் மார்ச். மணிக்கு 50 நிமிஷம் நடை, 10 நிமிஷம் ஓய்வு. மொதல்ல சும்மா, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சுமை ஏத்தி, கடைசில துப்பாக்கி, தோட்டா, போர்வை, தண்ணி, மண்வெட்டி எல்லாம் சேத்து 27 கிலோ பக்கம். நாள் முழுக்க குமாஸ்தா ஸ்டூல்ல உக்காந்து கணக்கு எழுதினவனுக்கு மொத மாசம் காலெல்லாம் கொப்புளம். மார்ச் முடிஞ்சதும் வரிசையா பூட்ஸைக் கழட்டி உக்காரணும், ஆபீசர் குனிஞ்சு ஒவ்வொருத்தன் பாதத்தையும் பாத்துட்டே வருவார். தன் ஆளுங்க கால் புண்ணானா அது ஆபீசர் தப்புன்னுதான் கணக்கு. மேல்சாதி மிதப்புல வளந்த ஒரு சீமான் வீட்டுப் பிள்ளை சுரங்கத் தொழிலாளியோட அழுக்குக் காலைக் கையில பிடிச்சுப் பாக்குறான், அந்த நாட்டுல அதுக்கு முன்ன அப்படி ஒண்ணு நடந்திருக்காது.

குறி பாத்துச் சுடறது, வைக்கோல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு பயனெட்டால குத்துறது, பதுங்குகுழி வெட்டுறது இதெல்லாம் பின்னால வந்துச்சு. ஒரு விஷயம் மறுக்க முடியாது, ஆறு மாசத்துல பசங்க உடம்பு தேறிடுச்சு. நல்ல சாப்பாடும் வெளிக்காத்தும் பட்டு நெஞ்சு விரிஞ்சு ஊருக்கு லீவுல வந்தப்போ அம்மாக்களுக்கே அடையாளம் தெரியல.

யார் சொல்லிக்குடுத்தாங்க? நல்ல ஹவில்தார் இல்லாம ரெக்ரூட்டை வெச்சு என்ன பண்றது? (சுபேதார் ஐயா)

சரியான இடத்துல பிடிச்சீங்க ஐயா. அதுதான் பெரிய ஓட்டை. தெரிஞ்ச ஆபீசர், சார்ஜென்ட் எல்லாம் பிரான்சுக்குப் போயாச்சு. இந்தியப் படைல இருந்து லீவுல ஊருக்குப் போயிருந்த 500 ஆபீசர்களை கிச்சனர் அங்கயே பிடிச்சு வெச்சுக்கிட்டார். ஓய்வு பெற்று தோட்டத்துல ரோஜா வெச்சுட்டு இருந்த கிழவர்களைக் கூப்பிட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது முப்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்த சண்டை, மிஷின் கன்னும் முள்வேலியும் அவங்க பாக்காதது. மிச்ச இடத்துல பள்ளிக்கூடத்துல கேடட்டா இருந்த இருபது வயசுப் பசங்களே ஆபீசர், கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் கார்ப்பரல். சொல்லிக்குடுக்குறவனும் கத்துக்குறவனும் ஒரே புக்கை ராத்திரி உக்காந்து படிச்சாங்க.

ஆறு மாசம், ஒரு வருஷத்துல ஒருத்தனை சிப்பாய் ஆக்க முடியுமா? (இதுவும் அவர்தான்)

ஆளை ஆக்கிடலாம், பட்டாளத்தை ஆக்குறதுதான் கஷ்டம். 1915 செப்டம்பர்ல லூஸ் சண்டைல 21, 24ன்னு ரெண்டு புது டிவிஷனை, பதுங்குகுழியே பாக்காதவங்களை, ராத்திரி ராத்திரியா மழைல நடத்திக் கூட்டிட்டு வந்து, சாப்பிடாத வயித்தோட மறுநாள் முழு முள்வேலிக்கு நேரா அனுப்பினாங்க. சில மணி நேரத்துல ஆயிரக்கணக்குல விழுந்தாங்க. பசங்க தைரியத்துல கொறை இல்ல. அனுப்பினவங்க யோசனைலதான் கொறை.

ஆனா டிரெய்னிங் பத்தலைங்கறதை மட்டுமே காரணமா சொன்னாலும் தப்பு. 1916 ஜூலை 1 சோம் சண்டைல அதே மாதிரி சிநேகிதர் பட்டாளம்தான், லிவர்பூல், மான்செஸ்டர் பசங்க, மோன்டபான் கிராமத்தைப் பிடிச்சுக் காட்டினாங்க. அங்க பீரங்கி முள்வேலியை அறுத்து எதிரியோட பீரங்கியையும் அடக்கி வெச்சிருந்துச்சு. அது நடக்காத இடத்துல இருபது வருஷ சர்வீஸ் போட்டவனும் செத்தான்.

அக்ரிங்டன் பசங்க என்ன ஆனாங்க?

ஊரை விட்டுக் கிளம்பி வேல்ஸ்ல, அப்புறம் இங்கிலாந்துல நாலு கேம்ப், 1915 கடைசில எகிப்து, 1916ல பிரான்ஸ். சேர்ந்து இருபத்திரெண்டு மாசம் ஆகுது, அது வரைக்கும் பெரிய சண்டை ஒண்ணும் பாக்கல. ஜூலை 1 காலைல ஏழரை மணி சுமாருக்கு செர்ங்கற கிராமத்துக்கு முன்னால சுமார் 720 பேர் எழுந்து நடந்தாங்க. அரை மணி நேரத்துல 584 பேர், செத்தது காயம்பட்டது காணாமப் போனது எல்லாம் சேத்து. அதே செர் முன்னாலதான் லீட்ஸ் பட்டாளமும் போச்சு, ஹொரேஸ் செத்தது அங்க. அந்த ஒரு நாள்ல பிரிட்டிஷ் படைக்கு மொத்தம் 57,470 பேர் சேதம், அதுல இறந்தவங்க 19,240.

சேதி உடனே வரல. பேப்பர்ல வெற்றின்னுதான் மொதல்ல போட்டாங்க. பிறகு காயம்பட்டவன் ஆஸ்பத்திரில இருந்து எழுதின கடுதாசி, அப்புறம் ஒரு வீட்டுக்குத் தந்தி, எதிர் வீட்டுக்கு, அடுத்த வீட்டுக்கு. ஜனங்க மேயர் வீட்டு முன்னால கூடி உண்மையைச் சொல்லுன்னு நின்னாங்க. ஒண்ணா சேரலாம்னு கூப்பிட்டாங்க இல்லையா, ஒண்ணாவே செத்தா ஊருக்கு என்ன ஆகும்னு கூப்பிட்டப்போ யாரும் யோசிக்கல. கிச்சனர் இதைப் பாக்கல, ஜூன் 5ஆம் தேதியே அவர் போன கப்பல் ஸ்காட்லாந்துக்கு வடக்க கண்ணிவெடில மூழ்கிடுச்சு.

கட்டாயம் எப்ப வந்துச்சு?

சோமுக்கு முன்னாடியே. 1915 ஆகஸ்ட்ல வீடு வீடா எல்லார் பேரையும் பதிவு பண்ணி, எத்தனை பேர் இன்னும் வரலைன்னு கணக்கெடுத்தாங்க. 1916 ஜனவரில சட்டம், 18ல இருந்து 41 வரை கல்யாணம் ஆகாதவன் எல்லாரும், மே மாசம் கல்யாணம் ஆனவனும். அயர்லாந்துக்கு மட்டும் விலக்கு. விலக்கு வேணும்னா ஊர்ல இருக்குற ட்ரிப்யூனல் முன்னாடி போய் நிக்கணும், அங்க கடைக்காரர், கவுன்சிலர்னு உள்ளூர் பெரிய மனுஷங்க உக்காந்திருப்பாங்க, பக்கத்துல ஒரு ராணுவ ஆள். மொத நாலஞ்சு மாசத்துலயே ஏறக்குறைய 7.5 லட்சம் பேர் விலக்கு கேட்டாங்க. எல்லாரும் பாடிக்கிட்டே போனாங்கங்கற கதை பொய்னு காட்ட இந்த ஒரு நம்பர் போதும். அதுக்கப்புறம் ஊர்ப் பட்டாளம்ங்கறது கரைஞ்சிடுச்சு, எங்க ஆள் கொறையுதோ அங்க அனுப்பினாங்க.

போக மாட்டேன்னு சொன்னா? ஓடிப் போனா?

மனசாட்சிப்படி கொல்ல மாட்டேன்னு சொன்னவங்க சுமார் 16,000 பேர். சிலருக்கு ஆம்புலன்ஸ், விவசாய வேலைன்னு மாத்திக் குடுத்தாங்க, எதுவுமே செய்ய மாட்டேன்னவங்க ஜெயில். 35 பேரை பிரான்சுக்கே கொண்டு போய் மரண தண்டனைன்னு வாசிச்சுட்டு, ஒரு இடைவெளி விட்டு, பத்து வருஷம் கடுங்காவலா மாத்தினோம்னாங்க.

முன்வரிசைல இருந்து ஓடிப் போனது, கோழைத்தனம் மாதிரி குத்தத்துக்கு சொந்தப் படையே சுட்டவங்க 306 பேர். அதுல ஹெர்பர்ட் பர்டன்ங்கற பையனுக்கு 17 வயசு, வயசைக் கூட்டிச் சொல்லி சேர்ந்தவன். குண்டுச் சத்தத்துல மனசு ஒடிஞ்சவனுக்கும் வேணும்னே ஓடினவனுக்கும் வித்தியாசம் பாக்காத காலம் அது. 2006லதான் அரசாங்கம் அந்த 306 பேருக்கும் மன்னிப்பு குடுத்துச்சு, கேக்க அவங்க அம்மா யாரும் அப்ப உயிரோட இல்ல.

இது அக்னிவீர் மாதிரியா சார்?

இல்ல. அக்னிபத் 2022ல வந்தது, சமாதான காலத்துத் திட்டம், நாலு வருஷம்னு கணக்கு உண்டு, முடிஞ்சா கால்வாசிப் பேரைத் தொடர வெப்பாங்க. கிச்சனர் பட்டாளத்துல மூணு வருஷம்னு எழுதியிருந்தாலும் போர் முடியற வரைக்கும்ங்கறதுதான் நடந்துச்சு. ரெண்டுலயும் சேரப் போற பையன் காகிதத்தை முழுசா படிக்கணும்ங்கறது மட்டும் ஒண்ணு.

அப்ப நம்ம ஆளுங்க? இந்தியாவுலயும் இப்படித்தான் எடுத்தாங்களா?

இங்க கட்டாயச் சட்டம் வரல. 13 லட்சம் பேருக்கு மேல போனாங்க, சண்டைக்குப் போனவங்களும், சமைக்க, சுமை தூக்க, கோவேறு கழுதை ஓட்டப் போனவங்களும் சேத்து. 74,000 பேர் பக்கம் இறந்தாங்க. சிப்பாய்க்கு மாசம் 11 ரூபாய். மொத கேள்வில சொன்ன அந்த நம்பிக்கையால சண்டைக்கு ஆள் எடுத்ததுல ஏறக்குறைய பாதி பஞ்சாப் ஒரு மாகாணத்துல இருந்தே. கடைசி வருஷங்கள்ல ஊருக்கு இத்தனை தலைன்னு நெருக்கினாங்க, அந்த வயித்தெரிச்சலும் சேந்துதான் 1919ல பஞ்சாப் கொந்தளிச்சது. சட்டம் இல்லைங்கறதால கட்டாயம் இல்லைன்னு ஆயிடாது.

இந்தப் பசங்க பேரை எங்கயாவது பாக்க முடியுமா?

முடியும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல பேரைப் போட்டுத் தேடலாம், காசு கிடையாது. சென்னைல இருக்குறவங்க நந்தம்பாக்கத்துல இருக்குற போர்க் கல்லறைக்கே நேர்ல போகலாம், முதல் உலகப்போர்ல இறந்து இந்தியாவுல வேற வேற இடத்துல புதைச்ச 1,000 பேருக்கு மேல பேர் அங்க கல்லுல இருக்கு. ஹொரேஸ் ஐல்ஸ் பிரான்ஸ்ல கோலன்காம்ப் கிராமத்துக் கல்லறைல இருக்கான்.

தேடுறப்போ பேருக்குப் பக்கத்துல வயசு போட்டிருக்கான்னு பாருங்க. எல்லாருக்கும் இருக்காது. போர் முடிஞ்சு வீட்டுக்கு ஒரு ஃபாரம் அனுப்பி வயசு, அப்பா அம்மா பேரெல்லாம் கேட்டாங்க, அதைப் பூர்த்தி பண்ணி திருப்பி அனுப்பின வீட்டுப் பையனுக்குத்தான் வயசு ஏறியிருக்கும்.